பரதநாட்டியக் கலைஞரின் உடற்சுமையும் இயன்முறை மருத்துவமும்: அரைமண்டி முதல் மேடைக்கு மீளல் வரை

ஆய்வுச்சுருக்கம்

பரதநாட்டியத்தின் அடிப்படை நிலையான அரைமண்டியும், வெறுங்காலால் தரையைத் தட்டும் அடவுகளும் ஆடுவோரின் இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூட்டுகளின் மீது தனித்தன்மை வாய்ந்த சுமையை ஏற்றுகின்றன. இச்சுமையைத் தாங்கும் ஆற்றலை உடல் பெறுவதற்கு முன்னரே பயிற்சியின் அளவு உயரும்போது வலியும் காயமும் தோன்றுகின்றன. வலியைப் பொறுத்துக்கொண்டு ஆடுவது, ஆடுவதையே நிறுத்துவது என்னும் இரு வழிகளே பெரும்பாலும் கலைஞர்முன் வைக்கப்படுகின்றன. சுமையை அளந்து படிப்படியாக ஏற்றுவதன் வழி இயன்முறை மருத்துவம் மூன்றாவது வழியொன்றைத் தருகிறது என்பதையும், அடவுகளின் வரிசையும் மூன்று காலங்களும் அவ்வழிக்குரிய ஏணியாகப் பயன்படத்தக்கவை என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பரதநாட்டியம், இயன்முறை மருத்துவம், அரைமண்டி, அடவு, உடற்சுமை, தசைநாண், அழுத்த முறிவு, மேடைக்கு மீளல்.

1. முன்னுரை

ஆடற்கலைக்கு உடலே கருவி. யாழின் நரம்பு தளர்ந்தால் முறுக்கலாம், அறுந்தால் மாற்றலாம். ஆடுபவரின் முழங்காலுக்கு அவ்வாய்ப்பு இல்லை. இதனை உணர்ந்தே தமிழ் மரபு ஆடற்பயிற்சிக்கு நெடுங்காலத்தை ஒதுக்கியது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஏழாண்டுகள் பயின்று பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறியதைக் கூறுகிறது. ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன் ஆகியோரின் தகுதிகளை உரைக்கும் அக்காதை, அரங்கிற்கு நிலம் தேர்ந்தெடுத்தலையும், ஏழுகோல் அகலமும் எட்டுகோல் நீளமும் ஒருகோல் உயரமும் கொண்ட அரங்கின் அளவையும் விரித்துரைக்கிறது. ஆடுபவர், ஆட்டுவிப்பவர், ஆடும் இடம் ஆகிய மூன்றும் ஒருங்கே எண்ணப்பட்டன என்பது இதனால் பெறப்படும்.

இருபதாம் நூற்றாண்டில் இக்கலையின் பயிற்சிச் சூழல் பெரிதும் மாறியது. மரபுவழிக் குடும்பங்களில் குழந்தைப் பருவத்திலிருந்தே நாள்தோறும் பயிற்சி நடந்தது. 1918-இல் பிறந்த தி. பாலசரசுவதி ஏழாம் அகவையிலேயே அரங்கேறினார். 1936-இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ரா போன்ற நிறுவனங்களின் வழியே இக்கலை வகுப்பறைக் கல்வியாகப் பரவியது. இன்று இதனைப் பயிலும் மாணவர்களுள் பலர் பள்ளிப் படிப்பிற்கிடையே வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்கள் மட்டும் வகுப்பிற்குச் சென்று, அரங்கேற்றம் நெருங்கும்போது பயிற்சியைப் பன்மடங்கு கூட்டுபவர்கள். மார்கழி இசைவிழாக் காலத்தில் தொழில்முறைக் கலைஞர்களுக்கும் இதே நிலை ஏற்படுகிறது. அடவுகள் பழையனவாகவே இருக்க, உடல் அவற்றைச் சந்திக்கும் முறை மாறியுள்ளது. இம்மாற்றத்தின் விளைவுகளை உடலியல் நோக்கில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. இயன்முறை மருத்துவமும் ஆடற்கலையும்

பொதுவழக்கில் பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவம், உடலின் இயக்கத்தை ஆராய்ந்து, இயக்கத்தின் வழியாகவே குறையைக் களைய முயலும் துறையாகும். இந்தியாவில் இத்துறை, 2021-ஆம் ஆண்டின் துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்முறையினருக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் வருகிறது. ஆடற்கலைஞரின் உடல்நலம் தனித்த கவனத்திற்குரியது என்னும் கருத்து மேலைநாடுகளில் பாலே நடனத்தை ஒட்டி வளர்ந்தது. 1990-இல் நடன மருத்துவத்திற்கும் அறிவியலுக்குமான பன்னாட்டுச் சங்கம் தோன்றியது.

பாலே நடனத்தைப் பற்றிய முடிவுகளை அப்படியே பரதநாட்டியத்திற்குப் பொருத்த இயலாது. இரண்டிலும் கால்கள் வெளிநோக்கித் திருப்பப்படுகின்றன. ஆயினும் பாலே உடலை மேல்நோக்கி எழுப்புகிறது, பரதநாட்டியம் உடலைத் தாழ்த்தித் தரையோடு பொருத்துகிறது. பாலேயில் காலணி உண்டு, பரதநாட்டியத்தில் வெறுங்கால். பாலே பெரும்பாலும் நெகிழ்வுடைய மரத்தளத்தில் ஆடப்படுகிறது. பரதநாட்டியம் சிமெண்டுத் தரையிலும் கருங்கல் தரையிலும் பளிங்குத் தரையிலும் பயிலப்படுகிறது. ஆகவே பரதநாட்டியத்தின் சுமையை அதன் அடவுகளிலிருந்தே கணிக்க வேண்டியுள்ளது.

3. அரைமண்டியின் இயக்கவியல்

அரைமண்டியில் குதிகால்கள் அருகருகே அமைய, பாதங்கள் பக்கவாட்டில் திரும்பி, முழங்கால்கள் மடிந்து வெளிநோக்கி விரிகின்றன. முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். இந்நிலையின் செம்மை எந்த மூட்டிலிருந்து பிறக்கிறது என்பது முதன்மையான வினாவாகும்.

முழங்கால் மடங்கவும் நிமிரவும் அமைந்த மூட்டு. அதில் சுழற்சிக்கு இடம் குறைவு. காலை வெளிநோக்கித் திருப்பும் வேலையைச் செய்ய வேண்டியது இடுப்பு மூட்டே. அம்மூட்டின் வெளிச்சுழற்சி பொதுவாக 45 பாகையளவில் அமைகிறது. ஆளுக்காள் இது வேறுபடும். இவ்வேறுபாட்டிற்குத் தசைகளின் இறுக்கம் மட்டும் காரணமன்று. தொடையெலும்பின் கழுத்துப்பகுதி முன்னோக்கித் திரும்பியிருக்கும் கோணமும், இடுப்புக் குழியின் ஆழமும் பிறவியமைப்பையும் வளர்ச்சியையும் சார்ந்தவை. முன்திருப்பம் வளர்ந்தோரிடம் சராசரியாக 15 பாகையளவில் உள்ளது. இது மிகுந்திருப்பவரால் எத்தனை ஆண்டுகள் பயின்றாலும் இடுப்பிலிருந்து முழுமையான திருப்பத்தைப் பெற இயலாது. எலும்பின் வடிவத்தைப் பயிற்சியால் நீட்ட முடியாது என்பதே இதன் பொருள்.

இடுப்பு தராத திருப்பத்தை மாணவர் வேறிடங்களிலிருந்து பெற முயல்கிறார். இம்மாற்று வழிகள் மூன்று. முதலாவது, பாதங்களை மட்டும் வெளிநோக்கி வைத்துவிட்டு முழங்கால்களை முன்நோக்கி விடுதல். இதனால் கணைக்காலெலும்பு தொடையெலும்பின் கீழே திருகப்படுகிறது. முழங்காற்சில்லு தன் தடத்திலிருந்து விலகி அழுத்தம் பெறுகிறது. இரண்டாவது, பாதத்தின் உள்வளைவைத் தாழ்த்தி உடலெடையை உட்பக்கம் சாய்த்தல். இதனால் கணுக்காலின் உட்புறத் தசைநாண்களும் உள்ளங்காலின் நார்ப்படலமும் இழுபடுகின்றன. மூன்றாவது, இடுப்பை முன்சாய்த்துக் கீழ்முதுகை உட்குழித்தல். இச்சாய்வு இடுப்பு மூட்டிற்குச் சற்றுக் கூடுதல் இடம் தருகிறது. ஆனால் அதற்குரிய விலையைக் கீழ்முதுகின் முள்ளெலும்பு மூட்டுகள் செலுத்துகின்றன.

இம்மூன்றும் மேடையின் முன்னிருந்து நோக்குவோர்க்கு நல்ல அரைமண்டியாகவே தோன்றக்கூடும். எனவே இயன்முறை மருத்துவர் கண்ணளவில் முடிவு செய்வதில்லை. மாணவரைக் குப்புறப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, கோணமானியால் ஒவ்வோர் இடுப்பின் சுழற்சியையும் அளக்கிறார். பின்பு அரைமண்டியில் நிற்கச் செய்து பாதங்களின் கோணத்தை அளக்கிறார். இரண்டிற்கும் இடையிலான வேறுபாடு எவ்வளவோ, அவ்வளவு திருப்பம் பிற மூட்டுகளிலிருந்து கடனாகப் பெறப்படுகிறது. முழங்கால், பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராக அமைதல் என்பதே வகுப்பறையில் எளிதில் பின்பற்றத்தக்க அளவுகோல். இதனைக் காக்கும் பொருட்டுப் பாதங்களின் கோணத்தைச் சற்றுக் குறைக்க நேர்ந்தால், அது அழகியல் குறை ஆகாது. அவ்வுடலுக்குரிய அரைமண்டி அதுவே.

அரைமண்டியின் ஆழமும் கருதத்தக்கது. முழங்கால் மடங்குந்தோறும் முழங்காற்சில்லுக்கும் தொடையெலும்புக்கும் இடையிலான அழுத்தம் கூடுகிறது. முன்தொடைத் தசை விரைவில் களைப்படைகிறது. களைத்தபின் மாணவர் எழுந்து நிற்பார், அல்லது மேற்கூறிய மாற்று வழிகளுக்குச் செல்வார். “உட்கார்ந்து ஆடு” என்று ஆசிரியர் திரும்பத் திரும்பக் கூற நேர்வது பெரும்பாலும் கவனக் குறைவால் அன்று, தசையின் தாங்குதிறன் குறைவால் ஆகும். அத்தாங்குதிறனை வளர்க்காமல் கட்டளையை மட்டும் கூட்டுவதால் பயன் விளைவதில்லை.

4. தட்டும் குதிப்பும்: சுமைக் கணக்கு

அடவுகள் உடலின் மீது ஏற்றும் சுமை ஒரே வகையினதன்று. தட்டடவில் முழுப்பாதமும் தரையைத் தட்டுகிறது. குதிகாலின் கொழுப்புப் பட்டையும் கணைக்காலெலும்பும் அதிர்வை ஏற்கின்றன. நாட்டடவில் ஒரு கால் நீள, மற்றொரு கால் மடிந்த நிலையிலேயே உடலெடை முழுவதையும் தாங்குகிறது. புட்டத்தின் பக்கத்தசை வலுவிழந்திருந்தால் இடுப்பு ஒருபுறம் சரிகிறது. குதித்துமெட்டு அடவில் விரல்நுனிப் பகுதியில் எழுந்து குதிகாலை இறக்குவதால் கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாணும் மீண்டும் மீண்டும் இழுபடுகின்றன. மண்டி அடவில் முழங்கால் முழுமையாக மடிந்து தரையைத் தொடுகிறது.

இச்சுமை காலத்தைப் பொறுத்துப் பெருகுகிறது. எடுத்துக்காட்டாக, நிமிடத்திற்கு 60 தாள எண்ணிக்கை எனக் கொள்வோம். முதற்காலத்தில் எண்ணிக்கைக்கு ஒரு தட்டு எனில், ஐந்து நிமிடங்களில் 300 தட்டுகள் விழும். இரண்டாம் காலத்தில் அது 600 ஆகும். மூன்றாம் காலத்தில் 1200 ஆகும். விரைவு கூடும்போது காலை உயர்த்தும் அளவு குறைவதால் ஒவ்வொரு தட்டின் விசையும் சற்றுக் குறையலாம். எண்ணிக்கையோ நான்கு மடங்காகிறது. தட்டுகளுக்கிடையே தசை தளர்வதற்கான இடைவெளியும் சுருங்குகிறது.

அரங்கேற்றத்திற்கு ஆயத்தமாகும் பதினான்கு அகவை மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். வாரத்திற்கு மூன்று நாட்கள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் எனப் பயின்றவளுக்கு வாரச்சுமை 4½ மணி நேரம். அரங்கேற்ற நாள் குறித்தபின் ஆறு நாட்கள், நாளுக்கு மூன்று மணி நேரம் என மாறினால் வாரச்சுமை 18 மணி நேரம் ஆகிறது. இரண்டு வார இடைவெளியில் உடல் நான்கு மடங்குச் சுமையைச் சந்திக்கிறது. தசை இதற்கு ஓரளவு விரைவாக ஈடுகொடுக்கும். எலும்பு அவ்வாறன்று. புதிய சுமையைச் சந்திக்கும் எலும்பு, பழைய பகுதியை அரித்தெடுத்துவிட்டே புதிய பகுதியை நிரப்புகிறது. அரிப்பு சில வாரங்களில் நடந்துவிட, நிரப்புதலுக்குச் சில மாதங்கள் வேண்டும். இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்னைவிட வலுக்குறைந்து நிற்கிறது. சுமை உச்சத்தை எட்டுவதும் அக்காலத்தில்தான். கணைக்காலிலும் பாத நடுவெலும்புகளிலும் அழுத்த முறிவு தோன்றுவதன் அடிப்படை இதுவே.

அரங்கேற்றம் பெரும்பாலும் வளரிளம் பருவத்தில் நிகழ்வதும் இங்கு நினைவுகூரத்தக்கது. அப்பருவத்தில் எலும்பு விரைந்து நீள்கிறது. தசையின் நெகிழ்வும் ஒருங்கியக்கமும் அதற்கு ஈடுகொடுக்கச் சிறிது காலம் வேண்டும். முழங்காற்சில்லுத் தசைநாண் கணைக்காலெலும்போடு இணையும் வளர்பகுதி இழுபட்டு வீங்கி வலிப்பது இப்பருவத்திற்கே உரிய சிக்கலாகும். சில திங்கள்களாகச் செம்மையாக ஆடிய மாணவி திடீரெனத் தடுமாறினால், அதனைச் சோம்பல் எனக் கொள்வதற்கு முன் அவளது உயரம் கூடியுள்ளதா என்று பார்ப்பது நன்று.

5. வலியின் இயல்பறிதல்

வலி அனைத்தும் ஒன்றல்ல. எந்த வலியோடு ஆடலாம், எந்த வலியோடு ஆடக்கூடாது என்பதைப் பிரித்தறிவதில்தான் கலைஞரின் எதிர்காலம் பல நேரங்களில் அடங்கியுள்ளது.

கடும்பயிற்சிக்கு மறுநாள் தொடையின் இருபுறமும் பரவலாகத் தோன்றி, இரண்டு மூன்று நாட்களில் தணியும் வலி தசைக்குரியது, அது அஞ்சத்தக்கதன்று. தசைநாணின் வலி வேறு வகையானது. பயிற்சியின் தொடக்கத்தில் தோன்றி, உடல் சூடேறியதும் மறைந்து, மறுநாள் காலையில் விறைப்போடு திரும்பி வரும். இடையில் மறைவதால் கலைஞர் இதனைப் பொருட்படுத்தாது விடுவதே இதன் இடர். முழங்காற்சில்லைச் சூழ்ந்த வலி, படியிறங்கும்போதும் நெடுநேரம் முழங்காலை மடக்கி அமர்ந்திருக்கும்போதும் மிகும்.

எலும்பின் வலி இவற்றிலிருந்து மாறுபட்டது. அது ஆடுந்தோறும் கூடும். விரல் நுனியால் சுட்டத்தக்க ஒரே இடத்தில் நிலைத்திருக்கும். ஒற்றைக் காலில் குதித்தால் குத்தும். முற்றிய நிலையில் இரவிலும் ஓய்விலும் வருத்தும். இவ்வறிகுறிகள் இருப்பின் பயிற்சியை நிறுத்தி மருத்துவரை நாடுதல் வேண்டும். தொடக்க இரண்டு மூன்று வாரங்களில் எடுக்கும் எக்ஸ்ரே படத்தில் அழுத்த முறிவு தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. படமே அதனை முன்கூட்டிக் காட்டும். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்னும் சொல்லை மட்டும் நம்பி மாணவர் மீண்டும் ஆடத் தொடங்குவது சிறு கீறலை முழுமுறிவாக்கும்.

கணுக்கால் பிசகும்போது எலும்பு முறிந்துள்ளதா என்பதை அறிய, கனடா நாட்டு மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட ஒட்டாவா விதிகள் பயன்படுகின்றன. நான்கு அடிகள் எடுத்துவைக்க இயலாமை, கணுக்காலின் இருபுற எலும்பு முனைகளின் பின்விளிம்பில் 6 செ.மீ. அளவிற்குள் தொட்டால் வலி, பாதத்தின் வெளிப்புறத்தில் ஐந்தாம் நடுவெலும்பின் அடியிலோ உட்புறத்தில் படகெலும்பிலோ தொட்டால் வலி ஆகியவற்றுள் ஒன்றேனும் இருப்பின் எக்ஸ்ரே தேவை. இவ்விதிகளை நடன ஆசிரியரும் அறிந்திருத்தல் பயனுடையது.

6. ஆற்றலைப் பெருக்கும் வழிகள்

இயன்முறை மருத்துவம் காயத்திற்குப் பின் வருவது மட்டும் அன்று. காயத்திற்கு முன்னரே ஆடும் ஆற்றலை உயர்த்தவும் அது உதவுகிறது. இதில் மூன்று கூறுகள் முதன்மையானவை.

முதலாவது, உடலைச் சூடேற்றுதல். பல வகுப்புகள் நமஸ்காரத்தோடும் உடனடியாகத் தட்டடவோடும் தொடங்குகின்றன. நமஸ்காரம் பண்பாட்டு நோக்கில் இன்றியமையாதது. உடலியல் நோக்கில் அது சூடேற்றம் ஆகாது. அதில் வரும் முழுமண்டி, குளிர்ந்த முழங்காலை அதன் இறுதி எல்லை வரை மடக்குகிறது. அதற்கு முன் பத்து நிமிடங்கள் மெல்லோட்டம், இடுப்பையும் கணுக்காலையும் இயக்கத்தோடு அசைத்தல், ஆழம் குறைந்த அரைமண்டியில் ஏறி இறங்கல் ஆகியவை செய்யத்தக்கன. ஒரே நிலையில் ஒரு நிமிடத்திற்கு மேல் தசையை நீட்டிப் பிடித்திருப்பது அத்தசையின் விசையைத் தற்காலிகமாகக் குறைக்கக்கூடும். அதனைப் பயிற்சிக்குப் பின்னர் வைத்துக்கொள்வது பொருத்தம்.

இரண்டாவது, வலுவூட்டல். அடவுகளைத் திரும்பத் திரும்ப ஆடுவதால் மட்டும் வலு வளர்வதில்லை. தசை தனக்குப் பழகிய சுமையைவிடக் கூடுதலான சுமையைச் சந்திக்கும்போதே வலுப்பெறும். புட்டத்தின் பக்கத்தசைக்குப் பக்கவாட்டில் படுத்துக் காலை உயர்த்தலும், மீள்பட்டையைக் கட்டிப் பக்கவாட்டில் நடத்தலும் உதவும். இடுப்பை வெளிநோக்கிச் சுழற்றும் ஆழ்தசைகள் வலுப்பெற்றால், இருக்கும் திருப்பத்தை ஆடும்போதும் தக்கவைக்க முடியும். கெண்டைக்காலுக்கு ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியை முழங்கால் நீண்ட நிலையிலும் மடிந்த நிலையிலும் செய்தல் வேண்டும். அரைமண்டியில் உழைப்பது கெண்டைக்காலின் ஆழ்தசையாதலால் மடிந்த நிலைப் பயிற்சியை விட்டுவிடலாகாது. எடை தூக்கினால் உடல் நளினம் கெடும் என்னும் அச்சம் கலைஞரிடையே நிலவுகிறது. வாரத்திற்கு இருமுறை செய்யும் அளவான எடைப்பயிற்சி உடலைப் பருமனாக்குவதில்லை, தரையிறக்கத்தை மென்மையாக்குகிறது.

மூன்றாவது, மூச்சுத்திறன். அரைமணி நேரத்திற்கு மேலும் நீளும் வர்ணத்தில் தீர்மானங்களும் அபிநயமும் மாறிமாறி வருகின்றன. தீர்மானத்தில் ஏறிய மூச்சு, அடுத்துவரும் அபிநயத்திற்குள் தணிய வேண்டும். தணியாவிடில் முகத்தில் பாவம் நிற்பதில்லை. வகுப்பில் பகுதி பகுதியாக நிறுத்தி நிறுத்திப் பயில்வதால் இத்திறன் போதிய அளவு வளர்வதில்லை. விரைநடை, மிதிவண்டி, நீச்சல் போன்ற பயிற்சிகள் மூட்டுகளில் தட்டின் சுமையை ஏற்றாமலே இத்திறனை வளர்க்கின்றன. களைப்பிலேயே காயங்கள் மிகுதியும் நேர்வதால், மூச்சுத்திறன் ஒருவகையில் முழங்காலுக்கும் காப்பாகிறது.

7. மேடைக்கு மீளல்: அடவு வரிசையே ஏணி

காயமுற்ற இடத்தில் பனிக்கட்டி வைத்து முழு ஓய்வு கொள்ளும் முறை, அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் 1978-இல் வகுத்த வாய்பாட்டால் உலகெங்கும் பரவியது. பிற்காலத்தில் அவரே பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாதலைத் தாமதப்படுத்தக்கூடும் எனத் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். முறிவு இல்லாத இடத்து, அளவான சுமையே திசுக்களைச் சீர்படுத்துகிறது என்பது இன்றைய நிலைப்பாடு.

தசைநாண் சிகிச்சையின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். சுவீடன் நாட்டு மருத்துவர் ஹாக்கன் ஆல்ஃப்ரெட்சன், குதிகால் தசைநாண் வலியால் ஓட்டத்தை இழந்த 15 பேருக்குப் படி விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழிறக்கும் பயிற்சியை நாளுக்கு இருமுறையாக 12 வாரங்கள் அளித்தார். 1998-இல் வெளியான அவ்வாய்வில் அனைவரும் முன்னைய ஓட்ட நிலைக்குத் திரும்பினர். கனமான எடையை மெதுவாகத் தூக்கும் முறையும் ஒத்த பயன் தருவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. 2007-இல் சுவீடனில் கரின் சில்பர்நாகல் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, வலியை 0 முதல் 10 வரையிலான அளவுகோலில் கண்காணித்து, 5-ஐத் தாண்டாமலும் மறுநாள் காலைக்குள் தணியுமாறும் பார்த்துக்கொண்டால், ஓட்டத்தையும் குதிப்பையும் தொடர்வது மீட்சிக்குத் தடையாவதில்லை என்று காட்டியது. வலியை ஆணையாகவோ எதிரியாகவோ கொள்ளாமல் அளவுகோலாகக் கொள்ளும் நோக்கு இதனால் வலுப்பெற்றது. இவ்வளவுகோல் தசைநாண் வலிக்கே உரியது. எலும்பு வலிக்கு இதனைப் பொருத்தலாகாது.

மீட்சியின் படிகளை வகுப்பதற்குப் பரதநாட்டியம் வெளியிலிருந்து எதையும் கடன் வாங்க வேண்டியதில்லை. எளிய தட்டடவிலிருந்து கடின அடவுகளுக்கும், முதற்காலத்திலிருந்து மூன்றாம் காலத்திற்கும் செல்லும் பாடத்திட்டமே சுமையை ஏற்றும் ஏணியாக அமைந்துள்ளது. முழங்கால் வலியிலிருந்து மீளும் ஒருவருக்கு அதனைப் பின்வருமாறு பயன்படுத்தலாம்.

முதற்படியில் அமர்ந்தபடி தாளத்தோடு கையடவுகள், சொற்கட்டு, அபிநயம் ஆகியவற்றைப் பயிலலாம். கலையிலிருந்து விலகாமை மன உறுதியைக் காக்கும். இரண்டாம் படியில் நின்ற நிலையிலும், பின்பு ஆழம் குறைந்த அரைமண்டியிலும் முதற்காலத் தட்டடவு. மூன்றாம் படியில் அதே அடவு இரண்டாம் காலத்தில்; உடன் முதற்கால நாட்டடவு. நான்காம் படியில் தட்டிமெட்டு, அதன்பின் குதித்துமெட்டு. ஐந்தாம் படியில் மூன்றாம் காலமும், கோவைகளும் தீர்மானங்களும். இறுதியில் மண்டி அடவுகள், அலாரிப்பு, ஜதீஸ்வரம், அவற்றுக்குப் பின்பே முழு வர்ணம். ஒரு நாளில் ஆழம், காலம், நேரம் ஆகிய மூன்றனுள் ஒன்றை மட்டுமே கூட்டுதல் வேண்டும். மறுநாள் காலை வலி முன்னிருந்த அளவிலேயே இருந்தால் அடுத்த படி. கூடியிருந்தால் முந்தைய படி. இவ்வேணியில் ஆசிரியரும் மருத்துவரும் ஒரே மொழியில் உரையாட இயல்வது இதன் தனிச்சிறப்பாகும். “ஓடுவதைக் குறையுங்கள்” என்னும் பொது அறிவுரையைவிட, “இந்த வாரம் நாட்டடவு இரண்டாம் காலம் வரை” என்னும் குறிப்பு ஆசிரியருக்குத் தெளிவானது.

கணுக்கால் பிசகிலிருந்து மீள்வோர்க்கு வலி நீங்குதல் மட்டும் போதாது. இணைநார் கிழியும்போது மூட்டின் நிலையை மூளைக்கு உணர்த்தும் நரம்பு முனைகளும் பாதிக்கப்படுகின்றன; அதனால் அதே கால் மீண்டும் பிசகும் வாய்ப்பு மிகுகிறது. ஒற்றைக் காலில் நிற்றல், கண்மூடி நிற்றல், நிலையற்ற மெத்தை மீது நிற்றல், பின்பு நடராசர் நிலை போன்ற நிலைகளில் தாளத்திற்கேற்பக் கை அசைத்தல் எனச் சமநிலைப் பயிற்சி விரியும்.

மீட்சியின் எல்லை எவ்வளவு விரியக்கூடும் என்பதற்குச் சுதா சந்திரனின் வாழ்வு நன்கறியப்பட்ட சான்று. 1981-இல் நேர்ந்த விபத்தையடுத்து வலக்காலை இழந்த அவர், ஜெய்ப்பூர்க் கால் பொருத்தி, ஆண்டுக்கணக்கில் உழைத்து மீண்டும் மேடையேறினார். அவ்வாழ்வை ஒட்டி 1985-இல் வெளிவந்த ‘மயூரி’ திரைப்படத்தில் அவரே நடித்தார்.

8. மீட்பின் பிற கூறுகள்

மின்சிகிச்சை, மீயொலி, மெழுகு ஒற்றடம், ஒட்டுப்பட்டை ஆகியவை வலியைத் தற்காலிகமாகத் தணிப்பவை. பயிற்சிக்குத் துணையாக அவற்றுக்கு இடமுண்டு. மக்கள் வழக்கில் ‘கரண்ட் வைத்தல்’ எனப்படும் சிகிச்சையைப் பத்து நாட்கள் பெற்று, வலி தணிந்ததும் பழைய சுமைக்கே திரும்பும் கலைஞர் சில வாரங்களில் மீண்டும் அதே வலியோடு வருகிறார். தாங்குதிறன் மாறாதவரை விளைவும் மாறாது.

உறக்கமும் உணவும் சிகிச்சையின் பகுதிகளே. செலவிடும் ஆற்றலுக்கு ஈடான உணவு உட்கொள்ளாமையால் எலும்பு, மாதவிடாய்ச் சுழற்சி, நோய் எதிர்ப்பு ஆகியவை பாதிக்கப்படும் நிலையைப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014-இல் வரையறுத்தது. மேடைத் தோற்றத்திற்காக உணவைக் குறைக்கும் இளம் ஆடற்கலைஞர்களுக்கும் இது பொருந்தும். மாதவிடாய் சில மாதங்கள் நின்றுபோதல் கடும்பயிற்சியின் இயல்பான விளைவென்று எண்ணப்படுவதுண்டு. அது எலும்பு வலுவிழப்பதன் முன்னறிவிப்பாக இருக்கக்கூடும். அழுத்த முறிவுக்குள்ளானவரிடம் இதனை வினவாமல் காலை மட்டும் நோக்குவது முழுமையான சிகிச்சை ஆகாது.

தரையும் கருதத்தக்கது. சிமெண்டின் மீது பளிங்கு பதித்த தரை அதிர்வை ஏற்பதில்லை; முழுவதையும் காலுக்கே திருப்புகிறது. அடியில் காற்றிடைவெளி விட்டு அமைத்த மரத்தளம் சிறந்தது. அதற்கு வழியில்லாத இடத்து, குதிப்பு அடவுகளின் எண்ணிக்கையைக் குறைப்பதும், ஒத்திகையின் ஒரு பகுதியைத் தட்டாமல் அடையாளமாக மட்டும் ஆடிக் காட்டுவதும் செலவற்ற மாற்றுகள்.

9. ஆசிரியர், மாணவர், மருத்துவர்

மாணவர் வலியை மறைப்பதற்குக் காரணங்கள் உள்ளன. மண்டபம் பதிவு செய்யப்பட்டிருக்கும்; பக்க இசைக்கலைஞர்களுக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கும்; அழைப்பிதழ் அச்சாகியிருக்கும்; பெற்றோர் பெரும்பொருள் செலவிட்டிருப்பர். இந்நிலையில் வலிக்கிறது என்று கூறுவது ஆசிரியரையும் குடும்பத்தையும் ஏமாற்றுவதாக மாணவருக்குத் தோன்றுகிறது. கூறினாலும், பயிற்சி போதாமையால் வரும் வலி என்று ஆசிரியர் கருதலாம். ஆடுவதை விட்டுவிடுமாறு மருத்துவர் கூறலாம். இரண்டாவது விடையை அஞ்சியே பலர் மருத்துவரிடம் செல்வதில்லை.

இவ்விடைவெளியைக் குறைக்க இரு தரப்பும் நகர வேண்டியுள்ளது. இயன்முறை மருத்துவர் அடவுகளின் பெயரையும் அவை ஏற்றும் சுமையையும் அறிதல் வேண்டும். நோயாளரை மேசையில் படுக்கவைத்து நோக்குவதோடு, தம் முன் ஆடச் செய்தும் நோக்குதல் வேண்டும். நடன ஆசிரியர், அரங்கேற்ற நாளைக் குறிக்கும்போதே குறைந்தது ஆறு மாதங்களுக்குச் சுமையைச் சீராக ஏற்றும் கால அட்டவணையை வகுத்தல் வேண்டும். வலியைக் கேட்டறிவதை வகுப்பின் வழக்கமாக்குதல் வேண்டும். நுண்கலைக் கல்லூரிகளும் பல்கலைக்கழக நடனத் துறைகளும் உடலியலையும் காயத்தடுப்பையும் பாடத்திட்டத்தில் இடம்பெறச் செய்தால், அடுத்த தலைமுறை ஆசிரியர்கள் இவ்வறிவோடு வெளிவருவர்.

10. முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

• அரைமண்டியின் திருப்பம் இடுப்பு மூட்டின் அமைப்பால் வரையறுக்கப்படுகிறது. அவ்வரையறையை மீறிப் பெறும் திருப்பம் முழங்கால், பாதம், கீழ்முதுகு ஆகியவற்றின் மீது சுமையாகிறது.

• ஆடற்காயங்களுள் பல எதிர்பாராத விபத்துகள் அல்ல; தாங்குதிறனை மிஞ்சி விரைந்து ஏறிய சுமையின் விளைவுகள். ஆகவே அவற்றுள் பலவற்றைத் தவிர்க்க இயலும்.

• தசை, தசைநாண், எலும்பு ஆகியவற்றின் வலிகள் இயல்பால் வேறுபட்டவை. ஓரிடத்தில் நிலைத்து, ஆடுந்தோறும் கூடும் வலி உடனடிக் கவனத்திற்குரியது.

• சூடேற்றம், வலுவூட்டல், மூச்சுத்திறன் ஆகிய பயிற்சிகள் காயத்தைத் தடுப்பதோடு ஆடலின் தரத்தையும் உயர்த்துகின்றன.

• அடவு வரிசையும் மூன்று காலங்களும் மேடைக்கு மீள்வதற்கான மரபுவழிப்பட்ட ஏணியாகப் பயன்படத்தக்கவை.

மாதவியின் ஏழாண்டுப் பயிற்சியில் அவசரம் இல்லை. படிப்படியாக ஏற்றிய சுமையை உடல் படிப்படியாகவே ஏற்றுக்கொள்ளும் என்னும் அறிவு பழந்தமிழ் ஆடல் மரபுக்குப் புதிதன்று. இயன்முறை மருத்துவம் அவ்வறிவை அளவுகோலும் காரணமும் காட்டி மீட்டுத் தருகிறது. வலியைச் சொல்லவும், சொல்லியபின் ஆடுவதைத் தொடரவும் இயலும் சூழல் அமையுமாயின், பதினைந்து அகவையில் அரங்கேறியவர் ஐம்பதிலும் ஆடிக்கொண்டிருப்பார்.